யன்னலைத் தட்டிய கை

தை மாதத்துப் பனி அட்டன் மலைச் சரிவுகளில் இறங்கிவிட்டால், மாலை ஐந்து மணிக்கே எதிரே நிற்கும் தேயிலைச் செடி கண்ணுக்குத் தெரியாது. லயத்துக் கூரைத் தகரங்களிலிருந்து பனிநீர் சொட்டும் ஓசையும், எங்கோ ஒரு நாய் குரைக்கும் ஓசையுமே உலகம் இன்னும் இருக்கிறது என்பதற்குச் சாட்சி. பேய்க்கதை கேட்பதற்கு இதனினும் தக்க இடமும் காலமும் உண்டோ என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. ஆயினும், அத்தகைய கதையொன்று ஒரு வழக்காக மாறி என்னிடமே தீர்ப்புக்கு வரும் என்று எண்ணியதில்லை.

வழக்கைக் கொண்டு வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவர். ஐம்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். மகளும் மருமகனும் கொழும்பிலே தொழில் பார்க்க, உயர்தர வகுப்பிற் பயிலும் பேத்தியை வளர்த்து வருபவர் இவரே. பழைய சேலைத் துண்டொன்றிற் சுற்றியிருந்த பொருளை என் மேசைமேல் வைத்தார்.

"மாஸ்டர், இதப் படிச்சுப்புட்டு புள்ள ராத்திரியில தூங்க மாட்டேங்குது. இந்தப் பனியில ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு. பேய்ப் பொஸ்தகமாம். ஏதாச்சும் புடிச்சிருமோன்னு பயமா இருக்கு. நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்."

என்ன வார்த்தை சொல்வேன் என்பதில் அவருக்குச் சிறிதும் ஐயமில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், பேயும் காதலும் கலந்த நாவல்கள் மாணவரின் பொழுதைத் தின்னும் புழுக்கள் என்று வகுப்பிலே முழங்கியிருந்தேன். அந்த முழக்கம் லயம் வரைக்கும் எட்டியிருந்தது போலும்!

துணியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்தது எமிலி புரொண்டி எழுதிய 'வதரிங் ஹைட்ஸ்'. எனக்கு வெட்கமாயிற்று. என் கல்லூரி நாட்களில் நான் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிய நூல் அது.

இந்த நூல் அம்மாணவியின் கைக்கு வந்த வழியும் சுவையானது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டெபனி மேயர் வெளியிட்ட 'ட்வைலைட்' என்னும் நாவல், இரத்தம் குடிக்கும் பேயினத்து இளைஞன் ஒருவனை மானிடப் பெண் காதலிக்கும் கதை. உலகெங்கும் இளம் வாசகரைப் பித்தாக்கிய அந்நூல், தோழியர் கைமாறிக் கைமாறி இவளிடமும் வந்தது. அக்கதையின் நாயகி அடிக்கடி எடுத்து வாசிக்கும் நூல் 'வதரிங் ஹைட்ஸ்'. "அவளுக்கே பிடித்த புத்தகம் எதுவென்று பார்க்க வேண்டும்" எனத் தேடிப் புறப்பட்ட பேதை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி நடந்து, பேரிலக்கியம் ஒன்றின் வாசலில் வந்து நின்றுவிட்டாள்!

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் வடபாலுள்ள யோர்க்ஷயர் மேட்டுநிலம். காற்றும் பனியும் ஓயாத இடம். பனிமழையில் அகப்பட்ட ஒரு விருந்தாளி, தனித்து நிற்கும் பழைய வீடொன்றில் இரவு தங்குகிறான். யன்னலை மரக்கிளை ஒன்று தட்டிக்கொண்டே இருக்கிறது. அதை ஒடிக்கக் கண்ணாடியை உடைத்துக் கை நீட்டினால், கிளை அகப்படவில்லை. பனிக்கட்டிபோற் குளிர்ந்த ஒரு சிறு கை அவன் கையைப் பற்றிக்கொள்கிறது! உள்ளே விடும்படி ஒரு பெண்குரல் அழுகிறது. அவன் அலறுகிறான். ஓடிவந்த வீட்டுக்காரனோ அஞ்சவில்லை. யன்னலை அகலத் திறந்து, இருளை நோக்கி, வந்துவிடு வந்துவிடு என்று கதறி அழுகிறான்.

அவன்தான் ஹீத்கிளிப். பெயரும் ஊரும் அறியப்படாத அனாதைச் சிறுவனாக லிவர்ப்பூல் தெருவிலிருந்து அவ்வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டவன். அவ்வீட்டு மகள் கதரீனோடு ஒன்றாக வளர்ந்தவன். தந்தை இறந்ததும், அவள் தமையனால் வேலைக்காரனாக இழிக்கப்படுகிறான். அவளோ அவனையே தன் உயிர் என்று உணர்ந்தும், செல்வந்தன் ஒருவனை மணக்கிறாள், இளமையிலேயே இறக்கிறாள். அதன்பின் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள், பேயாகவேனும் அவள் வரமாட்டாளா என்று ஏங்கி, சுற்றியுள்ளோரை எல்லாம் வருத்தி, இறுதியில் அந்த யன்னல் அருகே, அது திறந்தபடியே கிடக்க, மழையில் நனைந்தவாறு அவன் இறந்து கிடக்கிறான்.

இதனை எழுதிய பெண்மணி ஹாவர்த் என்னும் சிற்றூர்ப் பாதிரியாரின் மகள். 1847ஆம் ஆண்டு ஆண்பெயர் போன்றதொரு புனைபெயரில் நூலை வெளியிட்டார். மறு ஆண்டு டிசம்பரில், முப்பதாவது வயதில் காலமானார். அவர் எழுதி வெளிவந்த நாவல் இது ஒன்றே.

பாழடைந்த மாளிகை, மூடிய அறை, நடு இரவு, பேய், இவற்றினூடே ஒரு காதல் என்னும் இக்கதைவகை, ஹொரஸ் வால்போல் 1764இல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை'யுடன் தொடங்கியதாகக் கூறுவர். இவ்வகை நாவல்களை வாசித்து, காண்பதெல்லாம் மர்மமென்று மயங்கும் பெண்ணொருத்தியை ஜேன் ஆஸ்டின் நகைச்சுவையோடு படைத்தார். 1897இல் 'டிராகுலா' வந்தது. எள்ளி நகையாடியோர் மறைந்தனர், கதைவகை மறையவில்லை. தமிழர் இதற்குப் புறம்பானவரும் அல்லர். தூய தமிழுக்கும் சைவத்துக்கும் வாழ்வை ஈந்த மறைமலையடிகளே, அக்காலத்து மர்மக்கதை மன்னரான ரெயினால்ட்ஸின் நாவலொன்றைத் தழுவி 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'யை 1911இல் வெளியிட்டார் என்பதை எத்தனை பேர் அறிவர்?

நம் மலைநாட்டையே களமாகக் கொண்டும் இவ்வகைக் கதை ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. ராபர்ட் ஸ்டாண்டிஷ் என்ற புனைபெயருடையவர் 1948இல் எழுதிய 'எலிபண்ட் வோக்' 1954இல் திரைப்படமாயிற்று. யானைகளின் வழியை மறித்துக் கட்டிய தோட்டத்துப் பங்களாவுக்கு இங்கிலாந்திலிருந்து புதுமணப்பெண் வருகிறாள். இறந்துபோன மாமனாரின் நினைவோ பேய்போல் அங்கே ஆட்சி செலுத்துகிறது. 1953இல் இலங்கையில் நடிக்கத் தொடங்கிய விவியன் லீ நோயுற்று விலக, எலிசபெத் டெய்லர் அப்பாத்திரத்தை ஏற்றார். எனினும் தொலைவிலிருந்து பிடித்த சில காட்சிகளில் இன்றும் தெரிவது விவியன் லீயின் உருவமே. பேய்க்கதைக்கு ஏற்ற பேய்தான்! ஆனால் அப்படத்தில் நம் தொழிலாளர் யார்? கொழுந்துக் கூடையோடு கடந்து போகும் கூட்டம். கொள்ளைநோயில் மடியும் கூட்டம். பேயாக வருவதற்குக்கூட அங்கே துரைமாருக்கே உரிமை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அம்மாணவியை அழைத்துக் கேட்டேன்: "இந்த நூலில் உன்னைக் கவர்ந்தது பேயா, காதலா?"

அவள் சற்றும் தயங்காமல் சொன்னாள்: "ரெண்டும் இல்ல சேர். ஹீத்கிளிப். அவனுக்கு ஊர் இல்ல; சொந்தப் பேரும் இல்ல. அந்த வீட்டுல செத்துப்போன ஒரு பிள்ளையோட பேரத்தான் அவனுக்கு வச்சாங்க. அவன லஸ்கர்னு ஒருத்தர் சொல்றாரு. லஸ்கர்னா கப்பல்ல வேல செஞ்ச நம்ம பக்கத்து ஆளுங்கதானே?"

உண்மைதான். இந்திய மாலுமிகளைக் குறிக்க அந்நாளில் ஆங்கிலேயர் வழங்கிய சொல் அது. அவன் எங்கிருந்து வந்தான் என்பதை ஆசிரியை இறுதிவரை சொல்லவில்லை. அந்நூல் அச்சேறிய 1840களில்தான், தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கென வந்தோர், மன்னாரில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்து, வழிநெடுகப் பிணமாக வீழ்ந்தனர். பெயர் பொறித்த கல் அவர்களுக்கு இல்லை. இருபது ஆண்டுகளாக நான் வாசித்தும் பாராத ஒன்றை ஒரு மாணவி பார்த்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் லயத்துக்குச் சென்றேன். இஸ்தோப்பில் அமர்ந்து, தேநீர் அருந்தியபடி, மூதாட்டிக்கு அக்கதையை முதலிலிருந்து முடிவுவரை தமிழிற் சொன்னேன். யன்னலைப் பற்றிய கையைச் சொன்னபோது அவர் அஞ்சவில்லை. ஹீத்கிளிப் இருளை நோக்கிக் கதறியதைச் சொன்னபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது நம்ம ரதி கததானே மாஸ்டர்? இங்க ரதி அழுவுறா. அங்க ஆம்பள அழுவுறான். அவ்வளவுதானே!"

வாயடைத்துப் போனேன். மாசி மாதத்திலே நம் தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்தை அறியாதார் மலைநாட்டில் இல்லை. காமன் நட்டு, இரவு தோறும் தப்பு முழங்க, ஆடவரே ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் புனைந்து ஆடுவர். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பலாகிறான். ரதி புலம்புகிறாள். அவள் வேண்டுதலுக்கு இரங்கி, இறைவன் அவனை மீட்டுத் தருகிறான். ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே அவன் உருவம் தெரியும். மற்றையோர்க்கு அவன் உடலற்றவன், அனங்கன். கந்தபுராணமும் இதனைக் கூறுகிறது. காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி எனப் பிரிந்து வாதிடும் லாவணிப் பாட்டுத் தமிழ்நாட்டில் உண்டு. சாவுக்கு அப்பாலும் தொடரும் காதல் மேனாட்டாரின் சரக்கு என்று வகுப்பிலே நான் முழங்கியது எத்துணை அறியாமை! கணவன் தன்னைத் தெய்வமென்று அஞ்சி நீங்கியபின், உடற்சதையை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையாரை அறுபத்து மூவருள் ஒருவராக வணங்கும் மரபில் வந்தவன் நான்.

அப்போது பேத்தி கேட்டாள்: "அம்மாயி, ஒவ்வொரு வருசமும் ரதி அழுவுறப்ப நீயும் அழுவுறியே, ஏன்?"

மூதாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பின்பு சொன்னார். அவருக்கு ஒரு தமக்கை இருந்தாள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராகிய நம் மக்களை, 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாற் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ள. அந்தப் பங்கீட்டில் தமக்கையின் குடும்பம் அக்கரைக்கும், தங்கை இக்கரைக்கும் ஆயினர். எழுபதுகளில் ஒரு நாள் அட்டன் நிலையத்தில் கோச்சி ஏறித் தலைமன்னார் சென்று, இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறியவள் திரும்பவில்லை. மூன்று கடிதங்கள் வந்தன. பிறகு அவையும் நின்றன.

"இன்னைக்கும் ராத்திரியில காத்து கதவ ஆட்டுனா, அக்காதான் வந்திருச்சோன்னு எந்திரிச்சுப் பாக்குறேன்."

பதினெட்டு ஆண்டுகள் ஒரே காம்பராவில் உடன் வாழ்ந்தும் பேத்தி இதனைக் கேட்டதில்லை. அவள் கேட்டதில்லை என்பதனால் அவரும் சொன்னதில்லை. ஆங்கிலப் பேய் ஒன்று வந்து யன்னலைத் தட்டியதால் அந்தக் கதவு திறந்தது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் இரவெல்லாம் ஒரு நூலோடு கிடந்தால் உடனே அதனைப் பறித்து வைக்காதீர்கள். "அதிலே என்ன இருக்கிறது? எனக்கும் சொல்" என்று கேளுங்கள். தரமற்ற நூலாயின் சொல்லும்போதே அதன் வெறுமை பிள்ளைக்கு விளங்கிவிடும். தரமுள்ளதாயின் கேட்ட உங்களுக்கும் ஆதாயம். மாணவருக்கு ஒரு வார்த்தை. பிறமொழி நூலொன்று உங்கள் உள்ளத்தை உருக்கினால், அதனைத் தமிழிலே வீட்டு முதியோருக்குச் சொல்லிப் பாருங்கள். அதற்கு மறுமொழியாக அவர்கள் சொல்லும் கதை எந்த வாசிகசாலையிலும் கிடைக்காது. யன்னலை மாத்திரம் பனிக்காலத்தில் மூடி வையுங்கள், சளி பிடிக்கும்!

மாசி மாதத்தில், காமன் எரியும் இரவில், கூத்துத் திடலில் அவர்கள் இருவரையும் கண்டேன். விடியும் நேரம். தப்பு ஓய்ந்திருந்தது. ரதி வேடமிட்ட இளைஞன் சாம்பலருகே முழந்தாளிட்டிருந்தான். மாணவி என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டாள்:

"சேர், மன்மதன் ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான்னா, பக்கத்துல நிக்கிறவங்களுக்கு அவ பைத்தியக்காரியாத்தானே தெரிவா? ஹீத்கிளிப்பும் கடைசியில அப்படித்தானே, வெறும் இடத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தான்?"

நான் மறுமொழி தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் மூதாட்டி, தம் கம்பளியின் ஒரு பாதியை அவள் தோள்மேல் இழுத்துவிட்டு, "ஆமா தாயி, அப்படித்தான் தெரிவா" என்றார்.