பார்வர்டு பண்றதுக்கு முன்னாடி



போன மாதம் மறைமலைநகர் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்புப் பணம் எண்ணிக்கிட்டு இருக்கும்போதே ஒரு அக்கா செல்போனை நீட்டினாங்க. "மேடம், புள்ள புடிக்கிறவங்க நம்ம பக்கம் வந்துட்டாங்களாம், பாருங்க." அந்த வாரம்தான் போர்வை விற்க வந்த வடமாநிலப் பையன் ஒருத்தனைத் தெருவில் நிறுத்தி, ஆளாளுக்கு விசாரித்திருக்கிறார்கள். நல்லவேளை, அவன் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் வந்து கூட்டிப் போய்விட்டார்.

வதந்தி செல்போனோடு பிறந்தது இல்லை. "இதைப் படித்ததும் பத்துப் பேருக்கு எழுதிப் போடு, இல்லாவிட்டால் கெடுதல்" என்று தபால் கார்டு வந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவி, கோயில்களில் வரிசை நின்றது. கரண்டிப் பால் சிலையில் ஒட்டி மெல்லிசாக வழிந்து போகிறது என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். நம்ம ஊர்களில் அப்போது செல்போன் ஏது?

பரவுவதெல்லாம் கெட்டதும் இல்லை. 2019 மே மாதம், பேஸ்புக்கில் யாரோ சுத்தியல் படம் போட்டு இதுக்கு உங்க ஊரில் என்ன பேர் என்று கேட்க, நம்ம தமிழ்ப் பையன் ஒருத்தர், இதுதான் காண்ட்ராக்டர் நேசமணி தலையில் விழுந்தது என்று எழுதினார். 2001-ல் வந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்து வடிவேலு காமெடிதான். நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று உலகமே கேட்கும் அளவுக்கு அது போனது. இப்படி ஒரு படத்தோடு புது வசனத்தை ஒட்டி அனுப்புவதைத்தான் பிள்ளைகள் மீம்ஸ் என்கிறார்கள். எனக்கும் பிடிக்கும்.

ஆனால் சிரிப்பை விட பயம் வேகமாக ஓடும், அதுவும் பிள்ளைங்க விஷயம் என்றால். 2018-ல் நாடு முழுக்க ஒரு வீடியோ சுற்றியது. பைக்கில் வந்த இரண்டு பேர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில் எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அவர்களே திரும்பி வந்து குழந்தையை விட்டுவிடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

அதே வருஷம் மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் பக்கம், குலதெய்வம் கோயிலுக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. அதில் 65 வயது அம்மா ஒருத்தர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று ஊரே கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துவிட்டார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம். அடித்தவர்களில் நிறையப் பேர் கைதானார்கள். அவர்களும் பிள்ளை குட்டிக்காரர்கள்தான், அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஜூலை 1 அன்று மகாராஷ்டிராவில் துலே மாவட்டத்தில் இதே சந்தேகத்தில் 5 பேரைக் கொன்றார்கள்.

அதன் பிறகுதான் 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டு வந்தது. செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியது நம்ம தங்கச்சியாகவே இருந்தாலும் எழுதியது யாரோ.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வேறு சம்பவங்களின் வீடியோக்கள் சுற்றின. பயந்துபோய்ப் பலர் ஊருக்கு ரயில் ஏறினார்கள். பீகார் அரசு அதிகாரிகளே இங்கு வந்து பார்த்துவிட்டு, பொய் என்று தெரிந்துகொண்டார்கள். நம்ம பக்கத்துக் கம்பெனிகளில் அவர்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதே வருஷம் தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகம் என்று ஒரு பிரிவை ஆரம்பித்தது.

இனிமேல் இன்னும் கஷ்டம். ஒருத்தர் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரே உண்டாக்கிவிடுகிறது. "அம்மா, அவசரம், பணம் அனுப்பு" என்று மகன் குரலில் போன் வந்தால், வைத்துவிட்டு அவன் நம்பருக்கு நாமே கூப்பிட வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930.

அந்தக் குழுவில், விசாரிக்காமல் எதையும் அனுப்புவதில்லை என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் மட்டும் "ஒருவேளை நிஜமா இருந்தா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அப்படிச் சந்தேகம் வந்தால் ஊரைக் கூட்டாமல் போலீசுக்கு 100, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098, இரண்டுக்கும் ராத்திரியிலும் கூப்பிடலாம்.