உங்களுக்குத் தெரியுமா? எல்லை மலையில் எந்தக் கொசு?

பாலக்காட்டுப் பக்கம் வாளையாறு, கோவிந்தாபுரம். இடுக்கிப் பக்கம் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு. இந்தச் செக்போஸ்ட்டுகளில் லாரியை நிறுத்தலாம், மூட்டையைப் பிரித்துப் பார்க்கலாம், கொசுவை மட்டும் நிறுத்த முடியாது. பாக்டீரியா ஏற்றிய கொசுவைப் பறக்கவிட்டு டெங்குவை மடக்கும் முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. நம் எல்லைக்கு அது சரிப்படுமா?

மலையும் காய்ச்சலும்

★ இடுக்கிக் காட்டுக்குள் முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டது. கட்ட வந்த கூலிகளில் பலரை மலைக்காய்ச்சல் கொண்டுபோனது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்திராபாதில் கண்டுபிடித்ததோ 1897 ஆகஸ்டில். அணை கட்டி முடிந்து இரண்டு வருடம் கழித்துத்தான் குற்றவாளி பிடிபட்டது!

★ கேரளத்தில் டெங்கு முதன்முதலாகப் பதிவானது 1997இல், கோட்டயம் மாவட்டத்தில். இருபதே ஆண்டில், 2017இல், அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 20,000 பேருக்கு டெங்கு. அதே ஆண்டு தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல்.

★ டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் அது பெரும்பாலும் போவதில்லை. அப்படியானால் நோய் மலையேறுவது எப்படி? மனிதர் உடம்பில் ஏறித்தான். காய்ச்சல் கண்ட முதல் சில நாள் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் காலையில் ஜீப் பிடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவருக்கு லேசான காய்ச்சல் இருந்தால் போதும், தோட்டத்துக் கொசு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

★ ஏடிஸ் முட்டை தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மழை பட்டதும் பொரிக்கும். 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆசியக் கொசு பெருகியிருப்பது தெரியவந்தது. ஆசியாவிலிருந்து இறக்குமதியான பழைய டயர்களுக்குள் முட்டையாகக் கடல் கடந்திருக்கிறது. கடலையே கடந்ததற்கு வாளையாறு எம்மாத்திரம்?

ஒரு எல்லை, இரண்டு கொசு

★ டெங்கு பரப்புவதில் முக்கியமானவை இரண்டு இனம். ஏடிஸ் எஜிப்தி வீட்டுக்கொசு. தொட்டி, டிரம், பிரிட்ஜின் பின்தட்டு, ஏர்கூலர் இதெல்லாம் அதன் பிறப்பிடம். ஏடிஸ் அல்போபிக்டஸ் தோப்புக்கொசு. முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு இருக்கும், ‘ஆசியப் புலிக்கொசு’ என்று பெயர். தமிழ்நாட்டுச் சமவெளி நகரங்களில் எஜிப்தி ஆட்சி. கேரளத்துத் தோட்டப் பகுதிகளில் அல்போபிக்டஸ் ஆட்சி.

★ ரப்பர் பால் பிடிக்க மரத்தில் கட்டும் சிரட்டையும் பிளாஸ்டிக் கோப்பையும் அல்போபிக்டஸுக்குத் தொட்டில். பால் வெட்டாத மழைக்காலத்தில் கவிழ்த்து வைக்காவிட்டால் மரத்துக்கு ஒரு கொசுப் பண்ணை. உதிர்ந்த பாக்கு மட்டை, கொக்கோக் காயின் வெற்றுத் தோடு, அன்னாசி இலைக் கக்கம் இவற்றில் தேங்கும் ஒரு கை நீரும் போதும்.

★ 2007இல் கேரளத்தைச் சிக்குன்குனியா முடக்கியது நினைவிருக்கும். அப்போது பரவிய வைரஸில் ஒரே ஒரு புரத அலகு மாறியிருந்தது. அந்தச் சின்ன மாற்றம் அல்போபிக்டஸின் உடம்பில் வைரஸ் செழிக்க வழி செய்தது. ரப்பர் தோட்ட மாவட்டங்கள் மூட்டு வலியில் முனகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கொசுவுக்குள் குடியிருப்பவர்

★ பாக்டீரியாவின் பெயர் வோல்பாக்கியா. ஹெர்டிக், வோல்பாக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1924இல் சாதாரண கியூலெக்ஸ் கொசுவுக்குள் இதைக் கண்டார்கள். இன்றைய கணக்குப்படி பூச்சி இனங்களில் ஏறக்குறைய பாதிக்குள் இது இருக்கிறது. பழ ஈ, வண்ணத்துப்பூச்சி, தும்பி எல்லாம் இதைச் சுமக்கின்றன. மனிதரைத் தொற்றாது.

★ வோல்பாக்கியா குடியேறிய எஜிப்தியின் உடம்பில் டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா வைரஸ்கள் எளிதில் பெருகுவதில்லை. வைரஸுக்கு வேண்டிய கொழுப்புச் சத்தைப் பாக்டீரியா பங்குபோடுவதும், கொசுவின் எதிர்ப்பாற்றலை உசுப்பிவிடுவதும் காரணம் என்கிறார்கள். ஆனால் எஜிப்திக்குள் வோல்பாக்கியா இயற்கையில் இருப்பதில்லை. ஆய்வகத்தில் முடியினும் மெல்லிய ஊசியால் முட்டைக்குள் ஏற்ற வேண்டும். கொசுவின் மரபணுவில் யாரும் கை வைப்பதில்லை.

★ ஒரு தடவை ஏற்றினால் போதும், தாய்வழியில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு கூடினால் முட்டை பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண், எந்த ஆணோடு கூடினாலும் குஞ்சுகள் பாக்டீரியாவோடு பிறக்கும். அதனால் ஆண்களை மட்டும் விட்டால் கொசுக்கூட்டம் சுருங்கும். இரு பாலையும் விட்டால் ஊர்க்கொசு முழுவதும் மெல்ல மெல்ல நோய் பரப்பாத கொசுவாக மாறும். ஆண் கொசு கடிக்காது, பெண் கடிக்கும். ஆகவே இரண்டாவது வழியில் சில வாரம் கொசுக்கடி கூடுதலாக இருக்கலாம்.

ஊர் ஊராக

★ 1967. பர்மாவில் ரங்கூனுக்கு அருகே ஒக்போ கிராமம். ஜெர்மானிய ஆய்வாளர் லாவன், உள்ளூர்ப் பெண் கொசுவோடு கூடினால் முட்டை பொரிக்காத ஆண் கியூலெக்ஸ் கொசுக்களை விட்டு மூன்றே மாதத்தில் அந்தக் கொசுவை ஒழித்துக்காட்டினார். இதற்குக் காரணம் வோல்பாக்கியா என்பது உறுதியானதோ 1971இல்!

★ டெல்லியில் 1970களில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, கொசுவைக் கொண்டே கொசுவைக் கட்டுப்படுத்த ஒரு பிரிவை நடத்தின. பணம் அமெரிக்காவுடையது. “உயிரி ஆயுதச் சோதனையோ?” என்று பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் சந்தேகம் கிளம்பியது. ஹரியாணாவின் சோனிபத்தில் எஜிப்தி கொசுக்களை விடும் திட்டம் 1975இல் நின்றது, பிரிவும் மூடப்பட்டது. மக்களிடம் முன்கூட்டிப் பேசாத அறிவியலுக்கு அன்று கிடைத்த பாடம் அது.

★ டெங்குவுக்கு எதிராக வோல்பாக்கியா எஜிப்தி முதலில் பறந்தது 2011 ஜனவரியில், ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகர்ப் பகுதியில். ஆய்வாளர் ஸ்காட் ஓநீலின் குழு செய்த வேலை.

★ இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரை 24 வட்டாரமாகப் பிரித்து, 12இல் மட்டும் கொசு முட்டை வாளிகளை வைத்தார்கள். 2021இல் வெளியான முடிவு: முட்டை வைத்த வட்டாரங்களில் டெங்கு 77 விழுக்காடு குறைவு, மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 86 விழுக்காடு குறைவு.

★ சிங்கப்பூர் 2016 முதல் ஆண் கொசுக்களை மட்டும் விடுகிறது. புளோக்கு புளோக்காக விடுவதால் ‘கடிக்காத கொசு’ என்று குடியிருப்புவாசிகளுக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். இலங்கை 2020இல் நுகேகொடையிலும் கொழும்பின் சில பகுதிகளிலும் இரு பால் கொசுவையும் விட்டது.

★ ரியோ டி ஜெனிரோவில் முதல் முயற்சி தோற்றது. ஏன்? பூச்சிமருந்து அடித்து அடித்து அந்த ஊர்க் கொசுவுக்கு மருந்து உறைக்காமல் போயிருந்தது. ஆய்வகத்திலிருந்து வந்த கொசுவோ அதே மருந்தில் செத்துவிழுந்தது. பிறகு உள்ளூர்க் கொசுவோடு கலந்து வளர்த்து விட்டதும் நிலைத்தது.

★ அந்தப் பாடம் புதுச்சேரியில் கைகொடுத்தது. 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டைகளை வரவழைத்துப் புதுச்சேரிக் கொசுவோடு பல தலைமுறை கலந்து வளர்த்தது. உருவான இரண்டு வகைகளை 2022 ஜூலையில் அறிவித்தது. ஒன்றில் பழ ஈயின் வோல்பாக்கியா, இன்னொன்றில் புலிக்கொசுவின் வோல்பாக்கியா. வெளியே பறக்கவிட அரசின் அனுமதிகள் தேவை.

நம் எல்லைக்கு வந்தால்

★ புதுச்சேரி இரண்டு வகை வளர்த்தது வீணில்லை. பழ ஈ வகை வெயில் தாங்காது. புழுப்பருவத்துத் தண்ணீர் 37 டிகிரியைத் தொட்டுத் தொட்டு வந்தால் பாக்டீரியா வெகுவாகக் குறைந்துவிடும். புலிக்கொசு வகை சூட்டைத் தாங்கும், மலேசியாவின் கோலாலம்பூரில் விட்டதும் அதுதான். மார்ச், ஏப்ரலில் கணவாய் வழியே அனல் வீச, 40 டிகிரியை எட்டும் பாலக்காட்டுக்கு எதைத் தேர்வது என்று சொல்லத் தேவையில்லை.

★ பெரிய சிக்கல் தோட்டத்தில் இருக்கிறது. புலிக்கொசுவுக்குள் வோல்பாக்கியா இயற்கையிலேயே உண்டு, இருந்தும் அது டெங்கு பரப்புகிறது! கூடவே பிறந்த பாக்டீரியா புலிக்கொசுவில் வைரஸை அந்த அளவுக்கு அடக்குவதில்லை. ஆகவே வோல்பாக்கியா எஜிப்தியை ரப்பர் தோப்பில் கொட்டினாலும், அங்கே கடிக்கும் கொசு வேறாகவே இருக்கும்.

★ புலிக்கொசுவுக்கும் வழி இல்லாமலில்லை. சீனாவின் குவாங்சோவில் இரண்டு தீவுகளில் 2016, 2017 ஆண்டுகளில் சோதித்தார்கள். கியூலெக்ஸிலிருந்து எடுத்த மூன்றாவது வோல்பாக்கியா வகையைப் புலிக்கொசுவுக்கு ஏற்றி, தப்பிக் கலந்த பெண்கள் முட்டையிடாதபடி லேசான கதிர்வீச்சும் கொடுத்து, ஆண்களை லட்சக்கணக்கில் விட்டார்கள். கடிக்கும் பெண் கொசு பத்தில் எட்டு, ஒன்பது குறைந்தது. ஆனால் அது நாற்புறமும் நீர் சூழ்ந்த இடம். மலைச்சரிவெங்கும் தொடர்ந்து கிடக்கும் தோட்டத்தில் விடுவதை நிறுத்தினால், பக்கத்துத் தோப்புக் கொசு வந்து நிரப்பிவிடும்.

★ வாளையாற்றுக்குக் கிழக்கே நகரத் தொட்டியில் ஒரு கொசு, மேற்கே ரப்பர் சிரட்டையில் இன்னொரு கொசு. ஒரே மருந்து இரண்டுக்கும் பொருந்தாது. எல்லையின் ஒருபக்கம் கொசுவை விட்டு, மறுபக்கம் அதே வாரம் புகை அடித்தால் இரண்டு வேலையும் பாழ். எந்தத் திட்டமானாலும் இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தாக வேண்டும்.

★ இரண்டு கொசுவுக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு: தண்ணீரைக் கொட்டுவது. கேரளத்தில் ‘டிரை டே’ என்று முறை வைத்திருக்கிறார்கள். வெள்ளி பள்ளிக்கூடம், சனி அலுவலகம், ஞாயிறு வீடு. முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலாகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை என்ற கணக்கு.

★ அடுத்த முறை சுகாதார ஆய்வாளரோ ஆஷா பணியாளரோ வாசலுக்கு வந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “எங்க தெருவுல இருக்கறது எஜிப்தியா, புலிக்கொசுவா?” தெரியாவிட்டால், எந்தப் பாக்டீரியாக் கொசுவைக் கொண்டுவருவது என்ற பேச்சை எடுக்கும் முன், கொசுப்புழுவைப் பிடித்து இனம் பார்க்கச் சொல்லுங்கள். வோல்பாக்கியாத் திட்டம் எங்கே நடந்தாலும் முதல் வேலை அதுதான்.