இறங்காமல் திரும்பிய விமானம்

இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாற்றுக்கு அருகே மலைமேல் இருக்கிறது சத்திரம். சபரிமலை பக்தர்கள் புல்மேட்டுக் காட்டுப் பாதையில் நடக்கத் தொடங்கும் இடம் என்பதால் இவ்வூரை நம்மவர்களில் பலர் அறிவார்கள். தேசிய மாணவர் படையினரின் சிறு விமானப் பயிற்சிக்காக இங்கே 650 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையைக் கேரளப் பொதுப்பணித் துறை அமைத்தது. வெள்ளம், நிலச்சரிவுக் காலங்களில் அவசரத்துக்கும் இது பயன்படும் என்று கருதப்பட்டது.

2022 ஏப்ரலில் வெள்ளோட்டம் நடந்தது. ஓடுபாதையை நெருங்கிய சிறு விமானம் தரையைத் தொடவில்லை. பாதையின் முனையில் இருந்த மண்மேடு இடையூறாக இருந்ததால் விமானி திரும்பிப் போய்விட்டார்.

பார்ப்பவர்களுக்கு இது தோல்வியாகத் தோன்றலாம். ஆனால் மேட்டைத் தாண்டுவதற்காக உயரத்தில் வரும் விமானம், ஓடுபாதையின் தொடக்கத்தை விட்டுத் தள்ளித்தான் தரையைத் தொட முடியும். ஏற்கெனவே குறுகிய பாதையில் நின்று நிதானிக்க மிஞ்சுவது கொஞ்சத் தூரமே. மலைக்காற்றோ எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்வதற்கில்லை. இருவர் மட்டுமே அமரக்கூடிய எடை குறைந்த விமானத்தை அது எளிதில் அலைக்கழித்துவிடும்.

திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கேரளம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மழையில் கோழிக்கோடு மேட்டுநில ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. 21 பேர் மாண்டனர். அது பெரிய விமானம், ஓடுபாதையும் நீளமானது. ஆயினும், ஏறக்குறைய பாதித் தூரம் கடந்த பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன என்றும், மீண்டும் மேலே எழும்புமாறு துணை விமானி சொல்லியும் இறங்கும் முயற்சி கைவிடப்படவில்லை என்றும் விசாரணை அறிக்கை கூறியது.

சத்திரத்தில் சோதனை அத்துடன் தீரவில்லை. 2022 ஜூலை மழையில் ஓடுபாதையின் ஒரு பக்கம் சரிந்தது. இடையூறாக இருந்த மண்மேடு வெட்டிக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று, ஸ்லோவேனியா நாட்டுத் தயாரிப்பான 'வைரஸ் எஸ்.டபிள்யூ. 80' என்ற சிறு விமானம் பத்திரமாக வந்து இறங்கியது.

அந்த வெற்றிக்கு வழிவகுத்தது ஏப்ரல் மாத எச்சரிக்கையே. இத்தகைய விமானங்களில் பயிற்சி பெறுகிறவர்கள் மாணவர்கள். எப்படி இறங்குவது என்பதோடு, எப்போது இறங்கக் கூடாது என்பதையும் அவர்கள் கற்றாக வேண்டும். ஆனால் மேட்டை வெட்டுவதும், சரியும் மண்ணுக்கு அரண் கட்டுவதும் விமானியின் வேலையல்ல. அவற்றை மழைக்கு முன்பே கவனிக்க வேண்டியவர்கள் தரையில் இருப்பவர்கள்தாம்.