பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாதங்கள்

உயர்தரப் பரீட்சையின் இறுதி வினாத்தாளுக்கு விடை எழுதி முடித்து மண்டபத்தை விட்டு வெளியேறும் மாணவனின் முகமலர்ச்சிக்கு நிகர் வேறொன்றில்லை. ஆயின் அம்மலர்ச்சி இரண்டு வாரங்களுக்கு மேல் நிலைப்பதில்லை. முதல் வாரம் உறக்கம். இரண்டாம் வாரம் ஊர்சுற்றல். மூன்றாம் வாரந் தொடக்கம் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையும் கையிற் கைபேசியுமாகப் பொழுது கழிகின்றது. பெறுபேறு வெளிவர வேண்டும். பின்னர் வெட்டுப்புள்ளி அறிவிக்கப்பட வேண்டும். அதன்பின் பல்கலைக்கழக அழைப்பு வர வேண்டும். இவற்றுக்குப் பல மாதங்கள் செல்கின்றன. சிலருக்கு ஓராண்டிற்கு மேலும் ஆகின்றது. பதின்மூன்று ஆண்டுகள் பாடசாலை மணிக்குக் கட்டுண்டிருந்த பிள்ளைக்கு, மணியடிப்பார் எவருமில்லாத காலம் திடீரென வாய்க்கின்றது.

இத்தகைய நிலையில் அகப்பட்ட ஒரு மாணவனின் கதையை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1665ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் கொள்ளைநோய் பரவவே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மாணவரை வீட்டுக்கு அனுப்பியது. அவ்வாண்டிலேயே பட்டம் பெற்றிருந்த ஐசாக் நியூட்டன் என்னும் 22 வயது இளைஞன், லிங்கன்ஷயரிலுள்ள வூல்ஸ்தோர்ப் என்னுங் கிராமத்திற்குத் திரும்பினான். இடையிற் சில மாதங்கள் கேம்பிரிட்ஜில் தங்கியது நீங்கலாக, 1667 வரை அவன் காலம் ஊரிலேயே கழிந்தது. கணிதத்திலும் ஒளியியலிலும் பின்னாளில் உலகத்தை வியப்பிலாழ்த்திய கருத்துக்கள் பல அக்காலத்தில் உருப்பெற்றன.

அப்பிள் விழுந்த கதையை யாவரும் அறிவர். அறிய வேண்டியது வேறொன்று. அவன் வெறுங்கையுடன் ஊர் திரும்பவில்லை. 1664ஆம் ஆண்டளவிலேயே ஒரு குறிப்புப் புத்தகத்தில் 45 தலைப்புக்களை இட்டு, காலம், ஒளி, நிறம், இயக்கம் என ஒவ்வொன்றின் கீழும் தனக்கெழுந்த ஐயங்களை எழுதத் தொடங்கியிருந்தான். அவனுடைய சிறிய தந்தையாரான மதகுரு விட்டுச்சென்ற பெரிய கொப்பியொன்றும் அவனிடமிருந்தது. கடுதாசி விலையுயர்ந்த காலமாதலின், அதிலிருந்த வெற்றுப்பக்கங்களையே தன் கணக்குகளுக்குப் பயன்படுத்தினான். அதிபரவளைவொன்றின் பரப்பை 52 இலக்கங்கள் வரை கையாலேயே கணித்தான். இதனால் வந்த பயன் யாதெனக் கேட்பாருமுளர். பயன் கருதிச் செய்ததாகத் தோன்றவில்லை, ஆசைதான் காரணம். ஈர்ப்பு பற்றிய அவனுடைய பெருநூல் வெளிவந்ததோ 1687இல். அந்தக் கிராமத்து வீட்டில் எதுவும் முற்றுப்பெற்றுவிடவில்லை. அவனுடன் வீடு சென்ற ஏனைய மாணவரிற் பெரும்பாலாரை இன்று எவரும் அறியார்.

ஜவாஹர்லால் நேருவின் சிறைவாசமும் இத்தகையதே. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அவர் சிறைகளிற் கழித்தார். 1942 ஓகஸ்டில் அகமதுநகர்க் கோட்டையில் அடைக்கப்பட்டவர், அங்கு ‘டிஸ்கவரி ஒவ் இந்தியா’ என்னும் பெருநூலை 1944 ஏப்ரிலுக்கும் செப்டெம்பருக்குமிடையில் ஐந்தே மாதங்களில் எழுதி முடித்தார். இதனைப் பெருமையாகச் சொல்வோர், அதற்கு முந்திய இருபது மாதங்களை மறந்துவிடுகின்றனர். அம்மாதங்களில் அவர் அக்கோட்டையின் கல்லும் மண்ணுமான நிலத்தைக் கொத்திப் பூஞ்செடிகள் வளர்த்தார். உடனிருந்த மௌலானா ஆசாத் முதலிய அறிஞர்களுடன் உரையாடினார். எழுத்து வராத காலத்திற் கைக்கு வேலையும் செவிக்கு நல்ல பேச்சும் இருந்தன. நாட்குறிப்பிற் கால அட்டவணை எழுதி மூன்றாம் நாளே கைவிடும் எம் மாணவர்கள் இவ்விருபது மாதங்களையே முதலிற் கவனித்தல் வேண்டும்.

ஆகவே, “நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் படி” என்று யாம் எவருக்குங் கூறோம். பரீட்சைக்காகப் படித்துக் களைத்தவனை மீண்டும் அதே நுகத்திற் பூட்டுவது அறிவுடைமையாகாது. காலையில் ஒரு மணித்தியாலம், பரீட்சையில் எவருங் கேட்கமாட்டாத ஒரு பொருளுக்கு ஒதுக்கினாற் போதும். உயிரியல் படித்தவன் தன் ஊர்க் குளத்துக்கு வரும் பறவைகளைக் குறித்து வைக்கலாம். வர்த்தகம் படித்தவள் சந்தையில் வெங்காய விலை வாரந்தோறும் ஏறியிறங்குவதை எழுதிப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் பிழையின்றி எழுதப் பழகுதலும் தட்டெழுத்துக் கற்றலும் எத்தொழிலுக்கும் உதவும். தந்தையாருடன் தோட்டத்திற்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவனுடைய மாலைப்பொழுது வீணாயிற்றென்று எவர் சொல்வார்?

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். பரீட்சை முடிந்த மறுநாளே அடுப்படியும், தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பும் அவர்கள் தலையிற் சுமத்தப்படுகின்றன. அண்ணனோ துடுப்பாட்ட மைதானத்தில் நிற்கின்றான். வீட்டுவேலை பழகுதல் இருபாலார்க்கும் நன்றே. ஆயினும், அவளுக்கென்று ஒரு மேசையும் இடையூறற்ற ஒரு மணித்தியாலமும் கொடுக்கப் பெற்றோர் கடமைப்பட்டவர்.

“எத்தனை ஏ வரும்?” என்று படலையில் நின்று கேட்கும் உறவினருக்குப் பிள்ளையை விடையிறுக்க விடாது, பெற்றோரே பேச்சை மாற்றிவிடுதல் பேருதவியாகும். பெறுபேறு பிழைத்துவிடுமோ என்ற அச்சம் பிள்ளைக்கு முன்னரே போதியளவு உண்டு. அயலிலுள்ள வாசிகசாலைக்கு அவனை அனுப்பலாம். கையிலுள்ள கைபேசியிலேயே 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தைத் திறந்து, 1946இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர் சிலர் தொடங்கிய ‘மறுமலர்ச்சி’ சஞ்சிகையின் இதழொன்றை வாசிக்கலாம், அதற்குக் கட்டணமுமில்லை.