கவுண்டரில் தெரிந்த அக்கா

"கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?"

தொண்டை வலி என்று மூன்றாவது முறையாகப் போன குளுவாங் இளைஞரிடம் டாக்டர் கேட்டது இதை மட்டும்தான். "இன்னும் இல்ல டாக்டர்." பேச்சு முடிந்தது, மாத்திரை வந்தது. அந்த இளைஞர் ஆண்களை விரும்புகிறவர் என்று தெரிந்திருந்தால், தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு கொனோரியா இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியிருக்கும். தொண்டையிலும் ஆசனவாயிலும் ஒளிந்திருக்கும் கிருமி சிறுநீர்ச் சோதனையில் அகப்படாது.

ஏன் சொல்லவில்லை என்றேன். "கவுண்டர்ல இருக்கிற அக்கா, கோயில்ல எங்கம்மாவோட உட்கார்ந்து பூக்கட்டுறவங்க சார்."

சட்டத்துக்குப் பயம் என்பார்கள். உண்மைதான். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இந்தியாவில் 2018-இல், ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு தளர்ந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் 2022-இல் 377ஏ-யை நீக்க வாக்களித்தது. இங்கே மலேசியாவில் 20 ஆண்டு வரை சிறை என்கிற பிரிவு அப்படியே நிற்கிறது. ஆனாலும் நான் பேசியவர்கள் போலீஸைவிட அந்தக் கவுண்டரைத்தான் அதிகம் சொன்னார்கள். டாக்டர் ரகசியம் காக்காவிட்டால் கேட்க மருத்துவ மன்றம் இருக்கிறது. பூக்கட்டும் அக்காவை யார் கேட்பது?

எச்ஐவி, சிபிலிஸ் உறுதியானால், 1988 தொற்றுநோய்ச் சட்டப்படி டாக்டர் தகவல் தருவது சுகாதார அலுவலகத்துக்கு, போலீஸுக்கு அல்ல. இதைத் தமிழில் சொல்லும் சுவரொட்டி ஒன்றைக்கூட நான் எந்த கிளினிக்கிலும் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் கல்யாணத்துக்கு முன் எச்ஐவி சோதனை என்பதை முஸ்லிம் ஜோடிகளுக்கு முதலில் கொண்டுவந்த மாநிலம் ஜொகூர்தான், 2001-இல். அரசு கிளினிக்கில் பெயர் சொல்லாமலே எச்ஐவி சோதனை செய்துகொள்ளலாம். தொற்று வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரையும் 2023 முதல் சில அரசு கிளினிக்குகளில் கிடைக்கிறது. எச்பிவி தடுப்பூசி 2010-இல் பள்ளி மாணவிகளுக்கு வந்தது. வளர்ந்த ஆண் அதைத் தானாகத்தான் கேட்க வேண்டும். கேட்டால், "உங்களுக்கு எதுக்கு?" என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கேதான் பலருக்கு வாய் அடைக்கிறது.

படுக்கையறை விஷயம் டாக்டருக்கு எதற்கு என்னும் பெரியவர்களும் உண்டு. இருக்கட்டும்.

குளுவாங் தம்பி இப்போது ஒருநாள் லீவு போட்டு, லார்க்கினுக்கு பஸ் ஏறி, ஜொகூர் பாருவில் தன்னை யாருக்கும் தெரியாத ஒரு கிளினிக்குக்குப் போகிறார். அங்கே டாக்டர் கதவைச் சாத்திவிட்டு, "ஆணோடா, பெண்ணோடா, ரெண்டு பேரோடுமா?" என்று, சீனி வியாதி உண்டா என்பதைப்போலச் சாதாரணமாகக் கேட்டாராம். சொல்லிவிட்டார். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குத் தேதி எழுதிய அட்டையை எனக்குக் காட்டினார். பர்ஸில், டச் அண்ட் கோ அட்டைக்குப் பின்னால், நான்காக மடித்து வைத்திருந்தார்.