தண்டு – இலை வரைபு: வரைதலும் வாசித்தலும்



புள்ளிவிபரவியல் பகுதியில் இலகுவாகப் புள்ளி பெறக்கூடிய இடம் எது என்று கேட்டால், பலரும் தண்டு – இலை வரைபு என்றே சொல்வார்கள். ஆனால் இலகு என்று நினைத்து அவசரப்படுவதால் புள்ளிகளை இழப்பவர்களும் பலர். அதைவிட, வரைபைச் சரியாக வரைந்த பின்னரும் அது என்ன சொல்கிறது என்று வாசிக்கத் தெரியாமல் நிற்பவர்கள் இன்னும் அதிகம். இக்கட்டுரையில் இரண்டையும் படிப்படியாகப் பார்ப்போம்.

1. தண்டு – இலை வரைபு என்றால் என்ன?

ஒவ்வோர் எண்ணையும் இரண்டாகப் பிரிக்கிறோம். கடைசி இலக்கம் இலை. அதற்கு முன்னுள்ள பகுதி தண்டு. எடுத்துக்காட்டாக, 53 இல் தண்டு 5, இலை 3. 142 இல் தண்டு 14, இலை 2. 8 போன்ற ஓரிலக்க எண்ணில் தண்டு 0, இலை 8.

அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளரான ஜோன் டூக்கி (1915–2000) 1977 இல் வெளியிட்ட நூலின் மூலம் இம்முறை பரவலாக அறியப்பட்டது. கையில் பென்சிலும் தாளும் இருந்தாலே போதும், தரவுகளை ஒழுங்குபடுத்தவும் அவற்றின் பரம்பலைக் கண்ணால் காணவும் முடியும் என்பதே இதன் சிறப்பு.

2. வரையும் முறை

தரம் 11 வகுப்பொன்றில் 23 மாணவர்கள் கணிதப் பரீட்சை ஒன்றில் பெற்ற புள்ளிகள் பின்வருமாறு எனக் கொள்வோம்.

53, 34, 70, 27, 45, 62, 33, 8,
51, 40, 29, 57, 86, 36, 53, 65,
24, 48, 33, 78, 31, 42, 53

படி 1: மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் காண்க. இங்கு 8, 86. எனவே தண்டுகள் 0 முதல் 8 வரை அமையும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வலப்பக்கத்தில் ஒரு நிலைக்குத்துக் கோடு வரைக.

படி 2: தரவுகளைத் தந்த ஒழுங்கிலேயே வாசித்து, ஒவ்வொன்றின் இலையையும் உரிய தண்டுக்கு எதிரே எழுதுக. எழுதிய எண்ணை வினாத்தாளில் மெல்லிய கோட்டால் வெட்டிக்கொண்டு போனால் ஒன்றும் தவறாது.

0 | 8
1 |
2 | 7 9 4
3 | 4 3 6 3 1
4 | 5 0 8 2
5 | 3 1 7 3 3
6 | 2 5
7 | 0 8
8 | 6

படி 3: இலைகளை ஏறுவரிசையில் ஒழுங்குபடுத்தி மீண்டும் எழுதுக. இலைகளுக்கிடையில் சம இடைவெளி விடுக.

0 | 8
1 |
2 | 4 7 9
3 | 1 3 3 4 6
4 | 0 2 5 8
5 | 1 3 3 3 7
6 | 2 5
7 | 0 8
8 | 6

சாவி: 5 | 3 என்பது 53 புள்ளிகளைக் குறிக்கும்.

படி 4: இலைகளை எண்ணுக. 1 + 0 + 3 + 5 + 4 + 5 + 2 + 2 + 1 = 23. தந்த தரவுகளின் எண்ணிக்கையும் 23. இரண்டும் சமமாக இருந்தால் மட்டுமே அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள்.

3. வரைபிலிருந்து கணித்தல்

வரைபு ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளதால் தரவுகள் ஏற்கெனவே ஏறுவரிசையில் உள்ளன. மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக எண்ணினால் போதும்.

வீச்சு = 86 – 8 = 78

ஆகாரம் = 53 (மூன்று தடவைகள் வந்துள்ளது)

இடையம்: (23 + 1) ÷ 2 = 12 ஆவது தரவு = 45

முதலாம் காலணை: (23 + 1) ÷ 4 = 6 ஆவது தரவு = 33

மூன்றாம் காலணை: 3 × 6 = 18 ஆவது தரவு = 57

காலணையிடை வீச்சு = 57 – 33 = 24

இடை = 1058 ÷ 23 = 46

தரவுகளின் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால் நடுவில் இரண்டு தரவுகள் இருக்கும். அவற்றைக் கூட்டி 2 ஆல் வகுத்து இடையத்தைப் பெறுக.

4. வரைபை வாசித்தல்

இதே தரவுகளை 0–9, 10–19 என வகுப்பாயிடைகளில் கூட்டமாக்கினால் என்ன நடக்கும்? 30–39 என்ற வகுப்பின் மீடிறன் 5 என்று மட்டும் தெரியும். இடையைக் காணும்போது அந்த ஐவரும் 34.5 புள்ளி பெற்றதாகவே கொள்கிறோம். அவ்வாறு எல்லா வகுப்புகளின் நடுப்பெறுமானங்களையும் கொண்டு கணித்தால் இடை 46.2 என வரும். இது உண்மையான 46 இற்கு மிக அண்மையானதுதான். ஆனால் அந்த ஐவரும் யார் யார் என்பது மறைந்துவிட்டது.

தண்டு – இலை வரைபில் அது மறைவதில்லை. 3 என்ற தண்டைப் பாருங்கள்: 31, 33, 33, 34, 36. சாதாரண சித்திக்கு 35 புள்ளி வேண்டும் எனின், ஐவரில் ஒருவர் ஒரு புள்ளி வித்தியாசத்தில் எல்லையைத் தாண்டியுள்ளார். மற்ற நால்வரும் 1 முதல் 4 புள்ளிகள் வரையிலான குறைவால் வெளியே நிற்கின்றனர். 35 இற்குக் குறைவாகப் பெற்ற எட்டுப் பேரில் பாதிப்பேர் எல்லையின் வாசலில்தான் இருக்கிறார்கள். ஓர் அலகை ஒழுங்காகப் படித்தால், ஒரு வினாவைக் கூடுதலாகச் செய்தால், அவர்கள் சித்தி பெறுவார்கள். வகுப்பின் இடை 46 என்ற ஒற்றை எண் இதைச் சொல்லாது. உண்மையில் இந்த வகுப்பில் 46 புள்ளி பெற்றவர் ஒருவர்கூட இல்லை!

அடுத்து 1 என்ற தண்டைப் பாருங்கள். அங்கே இலை எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்துக்கு மேலே 8 தனித்து நிற்கிறது. அந்த மாணவர் சுகவீனமாக இருந்தாரா, பல நாள்கள் வகுப்புக்கு வரவில்லையா, அடிப்படையே விளங்கவில்லையா என்று வரைபு சொல்லாது. ஆனால் அவரைத் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. வெற்றுத் தண்டை எழுதாமல் விட்டால் 8 உம் 24 உம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். வெற்றுத் தண்டையும் எழுத வேண்டும் என்று வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

மூன்றாவதாக, 3 என்ற தண்டிலும் 5 என்ற தண்டிலும் ஐந்து ஐந்து இலைகள் உள்ளன. வகுப்பாயிடையாக எழுதினால் ஆகார வகுப்பு இதுதான் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. இலைகள் கண்முன்னே இருப்பதால் ஆகாரம் 53 என்று தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது.

இனிப் பரீட்சையில் "தரவுகளைக் கூட்டமாக்குவதை விடத் தண்டு – இலை வரைபின் அனுகூலம் யாது?" என்று கேட்டால், இவ்வாறு எழுதுங்கள்: மூலத் தரவுகள் இழக்கப்படுவதில்லை, அதே நேரம் பரம்பலின் வடிவத்தையும் காணலாம். தரவுகளின் எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கும்போது இலைகள் நீண்டு வரைபு வசதியற்றதாகும் என்பது இதன் பிரதிகூலம்.

5. புள்ளிகளை இழக்கும் இடங்கள்

• ஒரே எண் பல தடவை வந்தால் இலையையும் அத்தனை தடவை எழுத வேண்டும். 53 மூன்று தடவை வந்தால் 3 என்ற இலையும் மூன்று தடவை.

• 40, 70 போன்ற எண்களின் இலை 0. அதை எழுதாமல் விட்டால் அந்தத் தரவே இல்லாமற் போய்விடும்.

• இலைகளுக்கிடையில் காற்புள்ளி இட வேண்டாம்.

• 12 என்பது இடையம் அல்ல, இடையத்தின் இடம். விடை 45 ஆகும்.

• சாவி எழுத மறக்க வேண்டாம். 5 | 3 என்பது 53 ஆகவும் இருக்கலாம், 5.3 ஆகவும் இருக்கலாம். சாவியே அதைத் தீர்மானிக்கும்.

6. பயிற்சி

10 மாணவர்களின் உயரங்கள் வருமாறு. சாவி: 14 | 2 என்பது 142 செ.மீ.

14 | 2 5 9
15 | 0 2 5 5 8
16 | 1 4

(i) வீச்சு (ii) ஆகாரம் (iii) இடையம் ஆகியவற்றைக் காண்க. (iv) 150 செ.மீ. இலும் குறைந்த உயரமுடையவர்கள் எத்தனை பேர்?

விடைகள்: (i) 22 செ.மீ. (ii) 155 செ.மீ. (iii) 5 ஆம், 6 ஆம் தரவுகள் 152, 155. எனவே இடையம் 153.5 செ.மீ. (iv) 3 பேர்.

விடைகளைப் பார்க்குமுன் நீங்களே செய்து பாருங்கள். பின்னர் இவ்வருடம் நீங்கள் எழுதிய கணித மாதிரிப் பரீட்சைகளின் புள்ளிகளை எடுத்து ஒரு தண்டு – இலை வரைபு வரையுங்கள். உங்கள் இலைகள் எந்தத் தண்டில் கூடுகின்றன, அடுத்த தண்டுக்கு இன்னும் எத்தனை புள்ளிகள் வேண்டும் என்பதை உங்கள் கையெழுத்திலேயே காண்பீர்கள்.