ரக்கியா: செப்புக் கொப்பரையைச் சுற்றி ஒரு ஊர்

டிஸ்டிலேஷன்னு சொன்னா நமக்கு லேப்தான் ஞாபகம் வரும். பல்கேரியா கிராமத்துக்காரருக்கு 'கசான்' ஞாபகம் வரும். கசான்னா செப்புக் கொப்பரை. அது இருக்கும் ஊர் வடிசாலைக்கும் அதே பேர்தான்.

அங்கே வடிப்பது ரக்கியா என்ற பழச்சாராயம். பெரும்பாலும் திராட்சை, த்ரோயான் பக்கம் பிளம்ஸ். பேருக்கு மூலம், வியர்வையைக் குறிக்கும் 'அரக்' என்ற அரபுச் சொல். குளிர்ந்த குழாயில் ஆவி துளித்துளியா வியர்க்குது இல்லையா, அதான். இலங்கையின் தென்னஞ்சாராயமான 'அரக்' கூட இதே வேர்தான்.

இலையுதிர் காலத்தில் வீட்டுப் பழங்களை நசுக்கிப் புளிக்க வைப்பார்கள். பிறகு கசானில் ஊற்றி விறகுத் தீ. மூடி இடுக்கை அடைக்க மாவுப் பசை, செலவில்லாத கேஸ்கெட்! செம்பு சும்மா அழகுக்கு இல்லை. சூட்டைச் சீராகக் கடத்தும், நாற்றம் தரும் கந்தகச் சேர்மங்களையும் பிடித்துக்கொள்ளும்.

முதலில் வருவதை ஒதுக்கிவிடுவார்கள். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78.4, அதனால மெத்தனால் முழுசும் முதல்லயே போயிடும்னு நினைப்போம். அப்படி இல்லை. கலவையில் அது கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக வரும். முதல் பகுதியில் அதிகம் இருப்பது அசிட்டால்டிஹைடு, எத்தில் அசிட்டேட் மாதிரி காட்டமான சமாச்சாரங்கள். மூக்கு அதைக் கண்டுபிடிக்கும், மெத்தனாலைக் கண்டுபிடிக்காது. பழத்தின் பெக்டினிலிருந்து வரும் மெத்தனால் அளவு குறைவு. யாராவது தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்தால்தான் உயிருக்கே ஆபத்து.

ஆனா கசானில் நடப்பது வெறும் வடித்தல் இல்லை. வீட்டுக்கு வீடு முறை வைத்துக் காத்திருப்பு, தணலில் சுட்ட உருளைக்கிழங்கு, பக்கத்து வீட்டுக்காரரின் விமர்சனம், ராத்திரி முழுக்கப் பேச்சு. சாப்பாட்டு மேசையிலும் அவசரமில்லை. தக்காளி, வெள்ளரி, வெள்ளைச் சீஸ் போட்ட ஷோப்ஸ்கா சாலட்டோடு, கண்ணைப் பார்த்து 'நஸ்திராவே' சொல்லி, மெல்ல உறிஞ்சுவார்கள்.

2007-ல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோதும் இந்தப் பழக்கத்துக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்கு ஆண்டுக்கு 30 லிட்டர் வரை, சொந்த உபயோகத்துக்குக் குறைந்த கலால் வரி. பக்கத்து நாடான செர்பியாவின் பிளம் சாராய மரபை 2022-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

சட்டம் காப்பாற்றலாம், பட்டியல் பெருமை தரலாம். ஆனா 1980-களின் கடைசியில் 90 லட்சத்தை ஒட்டியிருந்த பல்கேரிய மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம்தான். பிள்ளைகள் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போயாச்சு. செய்முறையை எழுதி வைத்துவிடலாம். கசான் பக்கத்தில் விடிய விடிய உட்கார ஆள் வேணுமே?